பால்வாடியும் பிளீச்சிங் பவுடரும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

எங்கள் ஊரில் பால்வாடி எங்கே இருக்கின்றது என்று யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் பினாயில் வாசனை வருகின்ற திசையை நோக்கி நடந்தால் போதும். பினாயில் மணம் வந்துவிட்டால் அந்த இடம் சுத்தமாகிவிட்டது என்பது நம் மக்களின் நம்பிக்கை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் வரையில் எனக்கும் அந்த நம்பிக்கையே இருந்தது. வேதியியல் படிக்கின்ற ஒருவன் மூக்கை நம்பிச் சுத்தத்தை அளந்தது தவறு என்பதை நான் எவ்வாறு அறிந்தேன் என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகின்றேன். நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகின்றேன்.

அங்கன்வாடி என்பது அரசு வைத்த பெயர். ஊரார் நாவில் இன்றும் அது பால்வாடிதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் வந்தது. இவற்றின் பயனை உண்டு வளர்ந்தவர்கள் நம் வகுப்பிலேயே பலர் இருக்கின்றோம். நானும் அப்பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். ஆகவே குறை சொல்லும் எண்ணத்தில் எழுதவில்லை.

ஒரு வீட்டில் வளரும் குழந்தை அந்த வீட்டிலுள்ள கிருமிகளை மட்டுமே பெரும்பாலும் சந்திக்கின்றது. பால்வாடியிலோ இருபது வீட்டுக் கிருமிகள் ஒரே பாயில் கூடுகின்றன. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான். ஒரு குழந்தை சப்பிக் கீழே போட்ட பொம்மையை அடுத்த குழந்தை எடுத்துச் சப்பும். மலசலம் கழிக்கும் பழக்கம் முழுமையாக வராத வயது. நோய் பரவுவதற்கு இதைவிட வசதியான இடத்தைக் கிருமிகளே திட்டமிட்டாலும் அமைக்க முடியாது. சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா என்னும் பாக்டீரியா பத்து முதல் நூறு வரை வயிற்றுக்குள் சென்றாலே நோய் வரக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கில் அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும். 1973ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ரோட்டா வைரஸ் கைகளில் பல மணி நேரமும், பொம்மை, கதவுப்பிடி போன்றவற்றில் பல நாளும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. அதற்குத் தடுப்பு மருந்து 2016ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றது என்றாலும், பேதி உண்டாக்கும் கிருமி அது ஒன்று மட்டுமல்ல.

என் அம்மா எங்கள் ஊர்ப் பால்வாடியில் உதவியாளர். குழந்தைகள் ஆயா என்று அழைப்பார்கள். பதினான்கு ஆண்டுகளாகப் பெருக்குவது, துடைப்பது, சமைப்பது, ஊட்டுவது, கழுவி விடுவது ஆகிய எல்லாம் அந்த இரண்டு கைகளின் வேலை. சென்ற ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் ஆறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அவர்களில் இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றை ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பியது. ஆனால் அந்த மூன்று நாளில் எங்கள் தெருக் குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். பார்வையிட வந்த ஒருவர் எல்லாருக்கும் எதிரில், "பவுடர் போட்டீங்களா இல்லையா? போட்டிருந்தா எப்படிம்மா வரும்?" என்று கேட்டிருக்கின்றார். "போட்டேனுங்க ஐயா" என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு விடை இல்லை. பதிவேட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அம்மா இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கரைத்துத் தோல் வெடித்திருந்தது. "போடாமயா கண்ணு இப்படி ஆச்சு?" என்றார்.

மறுநாள் சாவி வாங்கிக்கொண்டு போய் அந்தப் பவுடர் டின்னைத் திறந்து பார்த்தேன். மூடி துருப்பிடித்து, சரியாகப் பொருந்தாமல் இருந்தது. உள்ளே பவுடர் ஈரச் சுண்ணாம்பு போலக் கட்டி கட்டியாகக் கிடந்தது. முகர்ந்தேன். நம் ஆய்வகத்தில் பிளீச்சிங் பவுடர் புட்டியைத் திறந்தவர்களுக்குத் தெரியும், கண்ணில் நீர் வராமல் இருக்காது. இதில் வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. காலியான மாத்திரை டப்பா ஒன்றில் கொஞ்சம் எடுத்து, இறுக மூடிக் கல்லூரிக்குக் கொண்டு வந்தேன்.

எங்கள் பேராசிரியர் ஐயாவிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டேன். "செய்து பார். ஆனால் புதிதாகப் பிரித்த பவுடர் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் செய். ஒப்பிட ஒன்றில்லாத சோதனை வெறும் வம்புப் பேச்சு" என்றார். வகுப்பு முடிந்த பின் மாலை ஐந்து மணி வரை ஆய்வகத்தைத் திறந்து வைக்கவும் ஏற்பாடு செய்தார்.

இச்சோதனை நம் பாடத்திட்டத்தில் உள்ளதுதான். பிறதுறை நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கின்றேன். 5 கிராம் பவுடரைக் கல்வத்தில் நீர் விட்டுக் குழைத்து, 500 மி.லி. அளவுக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகக் குலுக்கி அதில் 25 மி.லி. எடுத்தால் அதனுள் கால் கிராம் பவுடர் இருக்கும். அதனோடு பொட்டாசியம் அயோடைடும் அசெட்டிக் அமிலமும் சேர்த்தால், பவுடரிலுள்ள குளோரின் எவ்வளவோ அவ்வளவுக்குச் சமமான அயோடின் வெளிப்பட்டுக் கரைசல் பழுப்பாகும். பியூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட்டை விட, பழுப்பு வெளிறி வைக்கோல் நிறமாகும். அப்போது இரண்டு சொட்டு ஸ்டார்ச்சு விட்டால் கருநீலம். மேலும் தயோசல்பேட்டு விட, ஒரு சொட்டில் நீலம் முழுவதும் மறையும். அதுவே முடிவு. டெசிநார்மல் தயோசல்பேட்டு ஒரு மி.லி. செலவானால் 3.55 மில்லிகிராம் குளோரின் என்பது கணக்கு.

புதிய பவுடருக்கு 23.2 மி.லி. செலவாயிற்று. அதாவது ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின். நல்ல பவுடரில் இருக்க வேண்டிய அளவும் அதுவே. பால்வாடிப் பவுடரை விட்டபோது பழுப்பு நிறமே சரியாக வரவில்லை, தேநீர் கழுவிய தண்ணீர் போல இருந்தது. 5.6 மி.லி.யில் நீலம் மறைந்துவிட்டது. நான் நம்பாமல் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே 5.6. கணக்குப் போட்டால் 8 விழுக்காடு. நாலில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் சுண்ணாம்பு.

காரணம் எளிது. 1799ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் என்பவர் நீற்றிய சுண்ணாம்பின்மேல் குளோரின் வாயுவைச் செலுத்தி இந்தத் தூளைச் செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். துணி வெளுக்கத்தான் அவர் செய்தார். சுண்ணாம்பு குளோரினைப் பிடித்து வைத்திருக்கின்றதே தவிர, அந்தப் பிடி உறுதியானதன்று. காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் சிறிது சிறிதாக அதை விடுவித்துவிடும். வெயிலும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். குளோரின் எல்லாம் பறந்த பின்னும் தூள் வெள்ளையாகவே இருக்கும், எடையும் இருக்கும், அளந்து போட்டால் பதிவேட்டுக் கணக்கும் சரியாக வரும். பெரிய மனிதர் வருகின்ற சாலையின் இருபுறமும் வெள்ளைக்கோடு போடுகின்றார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த 5.6 மி.லி. நினைவுக்கு வருகின்றது. நல்ல பவுடராகவே இருந்தாலும் உலர்ந்த மண்ணில் தூவிய கோடு எந்தக் கிருமியையும் தேடிக்கொண்டு போகாது. நீரில் கரைந்து ஹைப்போகுளோரசு அமிலம் உண்டானால்தான் அது கிருமியின் உடலுக்குள் புகுந்து புரதங்களைச் சிதைக்கும்.

அன்று மாலை நான் பேருந்தில் நின்றுகொண்டே போனபோதும் கால் தரையில் படவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை. குற்றம் பவுடருடையது. தாளில் கணக்கைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். குழாயடியில் அதை ஒட்டிவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

ஆனால் பேராசிரியர் ஐயா கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சோதனை சரி. இதனால்தான் நோய் வந்தது என்று ஆகிவிடுமா?" அப்போது பெரிதாகத் தோன்றாத அக்கேள்வி இரவில் தூங்கவிடவில்லை. அந்த வாரம் குடிநீரை யாரும் சோதிக்கவில்லை. குழந்தைகளின் மலத்தையும் சோதிக்கவில்லை. பவுடர் நன்றாக இருந்திருந்தால் நோய் வந்திருக்காது என்று சொல்ல என்னிடம் என்ன சான்று இருக்கின்றது? வந்து கேட்டவர், பவுடர் போட்டால் நோய் வராது என்று நம்பினார். நானும் அதையேதான் வேறு விதமாக நம்பினேன்.

ஆகவே அடுத்த விடுமுறையில் பணியாளர் அம்மாவின் இசைவுடன் ஒரு நாள் முழுவதும் பால்வாடியின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் அங்கே கண்டவை எல்லாம் சிறியவை.

அம்மா காலையில் பெருக்கி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தரையைத் துடைத்தார். முதல்நாள் சிந்திய சோற்றுப் பருக்கையும் மண்ணும் தரையில் ஒட்டியிருக்க, அதன் மேலேயே துடைத்தார். குளோரின் கிருமிக்கும் சோற்றுப் பருக்கைக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. எது முதலில் கிடைக்கின்றதோ அதனுடன் வினைபுரிந்து தீர்ந்துவிடும். துடைத்த உடனேயே உலர்ந்த துணியால் ஒற்றியும் எடுத்துவிட்டார், குழந்தைகள் வழுக்கி விழுவார்கள் என்று. கிருமிநாசினி பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். தரை துடைத்த துணியை அலசி, அதே துணியால் சோறு போடும் மேடையையும் துடைத்தார். குழந்தைகளின் மூக்கைத் துடைக்க ஆணியில் ஒரு துண்டு தொங்கிற்று. இருபது மூக்குக்கும் ஒரு துண்டு. குடிநீர்ப் பானைக்கு மூடி இருந்தது, ஆனால் தம்ளரை உள்ளே விட்டுத்தான் மொண்டார்கள். சிலேட்டில் எழுதிய குழந்தைகள் எச்சில் தொட்டு அழித்து, அந்தக் கையாலேயே பக்கத்துக் குழந்தையின் சிலேட்டையும் அழித்தன. நாமும் அப்படித்தான் அ, ஆ கற்றோம்.

பதினொரு மணிக்கு ஒரு குழந்தை காற்சட்டையிலேயே வெளிக்குப் போய்விட்டது. அம்மா முகம் சுளிக்காமல் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி, வேறு உடை மாட்டினார். வாளி நீரில் கையை இரண்டு முறை அலசிக்கொண்டு, முந்தானையில் துடைத்தார். அடுப்பில் சாதம் குழைந்துகொண்டிருந்தது. அவசரமாகப் போய்க் கிண்டினார். பிறகு முட்டைகளை உரித்தார்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றிற்று.

தரையிலுள்ள கிருமி தானாக நடந்து வயிற்றுக்குள் போவதில்லை. அதை எடுத்துச் செல்லும் ஊர்தி கை. நாம் தரைக்குக் கொடுக்கின்ற மரியாதையில் பாதியைக் கைக்குக் கொடுப்பதில்லை. பாகிஸ்தானில் கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. சோப்புக் கொடுத்து, கை கழுவும் முறையைக் கற்றுக்கொடுத்துத் தொடர்ந்து ஊக்குவித்த வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்திருந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமோனியாக் காய்ச்சலும் பாதியாயிற்று. இதில் நான் மிகவும் வியந்த செய்தி வேறு. கிருமிநாசினி கலந்த சோப்புக்கும் சாதாரணச் சோப்புக்கும் பயனில் வேறுபாடு இல்லை. விளம்பரத்தில் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும் விலை உயர்ந்த சோப்பு வேண்டியதில்லை, கடையில் கிடைக்கும் மலிவான சோப்பே போதும். சோப்பின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெய்ப் பிசுக்கையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்கின்றது. தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு உடைந்து, அதில் ஒட்டியிருக்கும் கிருமியோடு நீரில் போய்விடும். கொல்ல வேண்டிய தேவைகூட இல்லை, அகற்றினால் போதும். வெறும் நீர் பிசுக்கின்மேல் வழிந்து ஓடிவிடுகின்றது. கொரோனாக் காலத்தில் எல்லா இடத்திலும் வைத்திருந்த சானிடைசர் இந்த இடத்தில் சோப்புக்கு ஈடாகாது. அழுக்குப் படிந்த கையில் அது சரிவர வேலை செய்வதில்லை. பேதி உண்டாக்கும் வைரஸ்கள் சிலவற்றுக்குக் கொழுப்புறை கிடையாதாகையால் சாராயம் அவற்றை எளிதில் அழிப்பதுமில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வியன்னா நகர மருத்துவமனையில் 1847ஆம் ஆண்டு செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வருகின்ற மருத்துவர்களே தாய்மார்களுக்குக் காய்ச்சலைக் கொண்டு வருகின்றார்கள் என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில், நம் பிளீச்சிங் பவுடர் நீர்தான், கை கழுவ வைத்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 என்றிருந்த தாய்மார் மரணம் ஜூன் மாதத்தில் 2 ஆகக் குறைந்தது. அப்படியும் அன்றைய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. உயிரைக் காப்பாற்றும் கை நோயையும் கொடுக்கும் என்பதை யார்தான் மனமுவந்து கேட்பார்கள்? படித்த மருத்துவர்களே அப்படி என்றால், ஐந்தாம் வகுப்போடு நின்று, தேய்ந்துபோன கையால் என்னை இந்தக் கல்லூரி வரை அனுப்பியவரிடம் நான் எந்த வாயால் சொல்வது?

இரவு சாப்பிட்ட பின், "ஏம்மா, பால்வாடி சோப்பு எங்கம்மா இருக்குது?" என்று மெல்லத் தொடங்கினேன்.

"பீரோல. பூட்டி வெச்சிருக்கேன்."

"ஏன் பூட்டி வெக்கிறீங்க?"

"வெளியில வெச்சா காக்கா தூக்கிட்டுப் போயிருது. இல்லேன்னா பசங்க தொட்டித் தண்ணியில போட்டுக் கரைச்சுருதுங்க. மாசக் கடைசியில சோப்பு எங்கேன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

அன்று காலை நான் கண்டதைச் சொன்னேன். குழந்தையைக் கழுவியது, கை அலசியது, சாதம் கிண்டியது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான்தான் குடுத்தேன்னு சொல்றியா கண்ணு?" என்று கேட்டார்.

"யார் குடுத்தாங்கன்னு யாராலும் சொல்ல முடியாதும்மா. தண்ணியா இருக்கலாம், பொம்மையா இருக்கலாம்" என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையில் அம்மாவுக்கு ஆறுதல் இருந்ததாகத் தெரியவில்லை. பவுடர்க் கணக்கு எழுதிய தாளையும் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நேரம் தேய்க்கணும்?" என்பதுதான்.

இருபது விநாடி. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரலின் அடி, மணிக்கட்டு. குழந்தையைக் கழுவிய பின், சமைக்கும் முன், ஊட்டும் முன் மூன்று வேளையும். துடைப்பதற்கு முந்தானை கூடாது, காற்றில் உலர்ந்தாலே போதும்.

மற்றவற்றை அம்மாவும் பணியாளர் அம்மாவும் நானும் சேர்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். முதலில் பவுடர். புதிய பொட்டலம் வந்ததும் அதை மூடி இறுகும் சிறு பிளாஸ்டிக் டப்பாக்களில் பிரித்து அடைத்து, பிரித்த தேதியை எழுதி, அடுப்பங்கரையிலிருந்து எடுத்து நிழலான அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறப்பது. ஆய்வகத் தராசில் 15 கிராம் நிறுத்து, அது எவ்வளவு உயரம் வருகின்றது என்று ஒரு மருந்துப்புட்டி மூடியில் கோடு கிழித்துக் கொடுத்தேன். 33 விழுக்காடு பவுடரில் அந்த ஒரு மூடியைப் பத்து லிட்டர் வாளி நீரில் கரைத்தால் 0.05 விழுக்காடு குளோரின் நீர் கிடைக்கும். தரை, மேடை, பொம்மைகளுக்கு இது போதும். பேதியோ வாந்தியோ பட்ட இடத்துக்கு மட்டும் அதே ஒரு மூடியை ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். முதலில் மண்ணோ சாம்பலோ போட்டு அள்ளி, சோப்பு நீரால் கழுவி, அதன் பிறகே இதை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். கரைத்த நீரை அடுத்த நாளைக்கு வைத்திருக்கக் கூடாது, அதன் வலிமை போய்விடும். கரைக்கும்போது கையை உள்ளே விடாமல் குச்சியால் கலக்கினால் உள்ளங்கையும் வெடிக்காது.

எப்போதும் சோப்பு முதலில், பவுடர் பிறகு. இந்த வரிசையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன். அழிந்துவிட்டால் பணியாளர் அம்மா திரும்ப எழுதிவிடுகின்றார்.

துணி மூன்றாயிற்று. தரைக்குச் சிவப்பு, மேடைக்கு வெள்ளை, பாத்திரத்துக்கு நீலம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறமாட்டார். மூக்குத் துண்டை எடுத்துவிட்டோம். பழைய பருத்திப் புடவையைக் கைக்குட்டை அளவில் கிழித்து, ஒவ்வொரு குழந்தையின் சட்டையிலும் ஊக்கால் குத்தி அனுப்பும்படி தாய்மார்களிடம் சொன்னபோது பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் செய்தார்கள். பொம்மைகளில் துணிப்பொம்மையைத் துவைத்து வெயிலில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பிளாஸ்டிக்கை வாரம் இருமுறை சோப்பில் கழுவி, குளோரின் நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, நல்ல நீரில் அலசி வெயிலில் காய வைக்கின்றார்கள். சப்பிய பொம்மையைத் தனிக் கூடையில் அன்றே ஒதுக்கிவிட வேண்டும். கோரைப்பாய்களுக்கு வெயிலைப் போன்ற மருந்து வேறில்லை. ஈரம் உலர்வதும் புறஊதாக் கதிரும் சேர்ந்து வேலை செய்யும். ஐப்பசி கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது என்று அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. அந்த மாதங்களில் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பாய்தான் மேல் என்று தோன்றுகின்றது. சிலேட்டுக்கு ஈரத்துணி.

குடிநீர்ப் பானைக்கு நீண்ட காம்புள்ள கரண்டி வாங்கினோம். தொட்டித் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேலுள்ள தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்த வேண்டும். தரைக்குப் போடுகின்ற கணக்கைத் தொட்டிக்குப் போட்டுவிடக் கூடாது.

இன்னொன்றை இங்கே சொல்லாமல் விட்டால் வேதியியல் படித்ததில் பொருளில்லை. கழிவறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகின்றார்கள். கடையில் விற்கும் கழிவறைத் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கின்றது. இரண்டும் சேர்ந்த நொடியில் குளோரின் வாயு கிளம்பும். 1915ஆம் ஆண்டு ஈப்ரு என்ற இடத்தில் போர்க்களத்தில் வீரர்களைக் கொல்லத் திறந்துவிட்ட வாயு அதுவே. காற்றைவிடக் கனமானதாகையால் தரையை ஒட்டி நிற்கும். மூன்றடி உயரமுள்ள குழந்தையின் மூக்கு இருக்கும் இடமும் அதுதான். பால்வாடியில் இந்த இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. பினாயிலைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கின்ற வழக்கத்தையும் இதனோடு சேர்த்து விட்டுவிட வேண்டும். அந்தப் புட்டியைக் கண்டால் குழந்தை எடுத்துக் குடிக்கத்தான் பார்க்கும்.

தை மாதம் மறுபடியும் பவுடர் எடுத்து வந்து சோதித்தேன். பொட்டலம் பிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. 25 மி.லி.க்கு 21.4 மி.லி. தயோசல்பேட்டு செலவாயிற்று. ஏறத்தாழ 30 விழுக்காடு. பேராசிரியர் ஐயா பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் தேதியோடு எழுதச் சொன்னார். இப்போது எங்கள் வகுப்பு நண்பர்கள் மூவர் தத்தம் ஊர்ப் பால்வாடியிலிருந்து பவுடர் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கின்றார்கள். வேறு ஊர்களில் உள்ளவர்களும் கொண்டு வரலாம். இறுக மூடிய புட்டியில், பிரித்த தேதியுடன் கொண்டு வந்தால் போதும், புதன்கிழமை மாலைகளில் ஆய்வகம் திறந்திருக்கும்.

சோப்பைக் காக்கையிடமிருந்து காப்பாற்றும் வழியை அம்மாவே கண்டுபிடித்தார். வெங்காயம் வாங்கிய வலைப்பையில் சோப்பைப் போட்டு, குழாயடியில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிற்றால் கட்டிவிட்டார். வலையோடு சேர்த்துத் தேய்த்தால் நுரையும் நன்றாக வருகின்றது. முன்பு ஒரு கட்டி இரண்டு மாதம் வந்ததாம், இப்போது மாதம் மூன்று கட்டி தீர்கின்றது. கொடுக்கின்ற கணக்குக்கு மேல் ஆகும் கட்டிகளை அம்மா தம் பணத்தில் வாங்குகின்றார். நாட்காட்டியில் அந்தந்தத் தேதியில் ஒரு சிறு வட்டம் போட்டு வைத்திருக்கின்றார், யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு. இதுவரை சோப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.